அழிக்காத நோட்டு: பல கணினிகள் ஒரே கணக்கைப் பார்க்கும்போது

கல்லூரியில் முதல் வருடம் முடிந்த விடுமுறையில், மதுரைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் என்னை மொய் எழுத உட்கார வைத்தார்கள். கூட்டம் அதிகம் என்று இரண்டு மேசை போட்டிருந்தார்கள். ஒன்றில் நான், இன்னொன்றில் அண்ணன் முறையுள்ள ஒருவர். ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு மஞ்சள் பை. பெரியப்பாவுக்குத்தான் பொறுமை இல்லை. "இப்ப வரைக்கும் எவ்வளவுடா?" என்று வந்து வந்து கேட்டார். அவருக்காக இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு துண்டுச்சீட்டை வைத்து, மொத்தத்தை அதில் எழுதிக்கொண்டே வந்தோம். யாராவது மொய் வைத்தால் பழைய தொகையை அடித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். அவ்வளவுதான்.

சாயங்காலம் பையைப் பிரித்து எண்ணினால், சீட்டில் இருப்பதைவிடப் பணம் 1,001 ரூபாய் கூடுதலாக இருந்தது. கூடுதல் என்பதால் யாரும் திட்டவில்லை. ஆனால் எப்படி வந்தது?

பிறகு யோசித்தபோது புரிந்தது. சீட்டில் 84,500 இருக்கிறது. என்னிடம் ஒருவர் 1,001 வைக்கிறார். நான் சீட்டைப் பார்த்து மனதுக்குள் கூட்டுகிறேன்: 85,501. அதே நேரத்தில் அண்ணனிடம் ஒருவர் 500 வைக்கிறார். அவரும் சீட்டைப் பார்க்கிறார், அதே 84,500. அவர் கூட்டினால் 85,000. நான் முதலில் எழுதுகிறேன். அவர், தான் பார்த்த தொகைதான் இன்னும் அங்கே இருக்கிறது என்று நினைத்து, என்னுடையதை அடித்து 85,000 என்று எழுதுகிறார். வந்திருக்க வேண்டியது 86,001. இரண்டு பேருமே கணக்கில் தப்புப் பண்ணவில்லை. ஆனாலும் 1,001 ரூபாய் காற்றோடு போய்விட்டது.

நோட்டு இரண்டும் சரியாக இருந்ததைக் கவனியுங்கள். இரண்டையும் கூட்டினால் பைசா பிசகவில்லை. அழித்து எழுதிய சீட்டில்தான் கோளாறு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், பல கணினிகளில் ஓடும் புரோகிராம்கள் ஒரே தரவை எப்படிப் பாதுகாப்பாகப் பகிர்ந்துகொள்கின்றன என்பதும், இதில் ஃபங்ஷனல் புரோகிராமிங் ஏன் இவ்வளவு அடிபடுகிறது என்பதும் பாதி புரிந்த மாதிரிதான்.

கணினிக்குள் அந்தத் துண்டுச்சீட்டின் பெயர் பகிர்ந்த மெமரி. ஒரு எண்ணோடு ஒன்றைக் கூட்டுவது நமக்கு ஒரே வேலையாகத் தெரிகிறது. கணினிக்கு அது மூன்று வேலை: மெமரியிலிருந்து எடு, கூட்டு, திரும்ப வை. எடுப்பதற்கும் வைப்பதற்கும் நடுவில் இன்னொருவர் புகுந்துவிட்டால் காதுகுத்துக் கதைதான். இதை ரேஸ் கண்டிஷன் என்பார்கள். யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தாலும் சரியாகவே வரும், ஆயிரத்து ஒன்றாவது முறை காலை வாரும். சோதனையில் சிக்காது என்பதுதான் இதன் பெரிய கொடுமை.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. தொடக்கம் மரக்கிளையில் உரசிய மின்கம்பிகள்தான். ஆனால் ஒஹாயோவில் ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணியே அடிக்கவில்லை. பின்னர் தோண்டிப் பார்த்தபோது, எச்சரிக்கை மென்பொருளில் இரண்டு புராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பகுதிகள்) ஒரே தரவில் ஒரே நேரத்தில் எழுதிவிட்டது தெரிந்தது. தரவு சிதைந்து, புரோகிராம் முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நம் துண்டுச்சீட்டுதான், அளவு மட்டும் வேறு.

இதற்குப் பழைய மருந்து லாக். சீட்டை ஒருவர் கையில் எடுத்தால் அவர் கீழே வைக்கும்வரை மற்றவர் தொடக்கூடாது. ஒரே கணினிக்குள் இது ஓடும், போட மறக்காத வரைக்கும். கணினிகள் இரண்டானதும் கதை மாறிவிடுகிறது. சீட்டைக் கையில் வைத்திருந்த கணினி திடீரென்று பேச்சு மூச்சில்லாமல் போனால் என்ன செய்வது? செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா, நடுவில் கேபிள் அறுந்ததா என்று இந்தப் பக்கத்திலிருந்து பிரித்துச் சொல்ல வழியே இல்லை. செத்துவிட்டது என்று நினைத்து லாக்கை இன்னொருவருக்குக் கொடுத்தால், முதல் ஆள் உயிரோடு எழுந்து வந்து எழுதுவார். காத்திருந்தால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

தூரம் வேறு ஒரு தொல்லை. கணினி தன் மெமரியிலிருந்து ஒரு எண்ணை எடுக்கச் சுமார் 100 நானோ வினாடி ஆகும். ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், அதாவது போக 15 மில்லி வினாடி, வர 15. வழியில் எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் சொந்த மெமரியைத் தொடுவதைவிட இது 3 லட்சம் மடங்கு அதிகம். ஒவ்வொரு கூட்டலுக்கும் லாக் கேட்டுக் கடல் கடந்தால் காதுகுத்து முடிந்து பேரனுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

இருந்தாலும் பல கணினிகளின் மெமரியை ஒரே மெமரி போலக் காட்ட முயன்றவர்கள் உண்டு. 1980-களின் நடுவில் யேல் பல்கலைக்கழகத்தில் காய் லீ என்பவர் ஐவி என்றொரு அமைப்பைக் கட்டினார். ஒரு கணினியில் இல்லாத மெமரிப் பக்கத்தை, அதாவது மெமரியின் ஒரு துண்டைப் புரோகிராம் தொட்டால், அந்தப் பக்கம் வேறு கணினியிலிருந்து தானாக வந்து சேரும். புரோகிராம் எழுதியவருக்கு நெட்வொர்க் இருப்பதே தெரியாது. அதன் விதி சுவையானது: ஒரு பக்கத்தைப் படிக்க மட்டும் என்றால் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நகல் இருக்கலாம். யாராவது எழுத வேண்டுமென்றால், முதலில் மற்ற நகல்களையெல்லாம் செல்லாததாக்க வேண்டும். இரண்டு கணினிகள் மாறி மாறி எழுதினால் பக்கம் பந்து மாதிரி இங்கும் அங்கும் பறந்துகொண்டே இருக்கும். இந்த ஆய்வைக் காய் லீயோடு சேர்ந்து எழுதியவர் பால் ஹூடாக். பின்னாளில் ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியை வடிவமைத்தவர்களில் ஒருவரும் அவரேதான். இது எனக்கு எப்போதும் பிடித்த தற்செயல்.

அந்த விதியை இன்னொரு முறை படியுங்கள். படிப்பதற்கு எத்தனை நகலும் இருக்கலாம், அதில் ஒரு சிக்கலும் இல்லை. தலைவலி முழுக்க எழுதுவதில்தான். அப்படியென்றால் தரவைப் பகிர்வதை நிறுத்த வேண்டியதில்லை. அழித்து எழுதுவதை நிறுத்தினால் போதும்.

ஃபங்ஷனல் புரோகிராமிங் இங்கேதான் வருகிறது. ஃபங்ஷன் என்றால் நம் ஊரில் காதுகுத்துதான் ஞாபகம் வரும். இது கணக்குப் பாடத்தில் படித்த சார்பு. ஒரு மதிப்பைக் கொடுத்தால் இன்னொரு மதிப்பைத் தரும், கொடுத்ததைக் கெடுக்காது. இந்த வகை மொழிகளில் ஒரு பட்டியலில் ஒன்றைச் சேர்த்தால் அந்தப் பட்டியல் மாறாது. சேர்க்கப்பட்ட புதுப் பட்டியல் ஒன்று கிடைக்கும். பழையது அப்படியே இருக்கும். மொய் நோட்டும் இப்படித்தான், எழுதிய வரியை யாரும் அழிப்பதில்லை. தப்பாக எழுதிவிட்டால்கூட கீழே இன்னொரு வரி எழுதித்தான் சரிசெய்வார்கள்.

உடனே ஒரு கேள்வி வரும், எனக்கும் வந்தது. பத்து லட்சம் பெயர் இருக்கும் பட்டியலில் ஒன்றை மாற்ற, பத்து லட்சத்தையும் நகலெடுப்பதா? மெமரி என்ன ஆவது?

நகலெடுக்கத் தேவையில்லை. பட்டியலை ஒரு மரமாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு கணுவிலும் 32 கிளை. 32-ஐ நான்கு முறை பெருக்கினால் 10,48,576. ஆக, பத்து லட்சம் பெயர்களை நான்கே அடுக்கில் வைத்துவிடலாம். ஒரு பெயரை மாற்ற வேண்டுமென்றால் வேரிலிருந்து அந்தப் பெயர் வரை உள்ள நான்கு கணுக்களை மட்டும் புதிதாகச் செய்தால் போதும், மொத்தம் 128 இடங்கள். மீதி அத்தனையும் பழைய மரமும் புதிய மரமும் பொதுவாக வைத்துக்கொள்ளும். எதுவும் மாறப்போவதில்லை என்பதால் அப்படிப் பொதுவாக வைத்துக்கொள்வதில் பயமே இல்லை. 2007-இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட க்ளோஜர் மொழியின் தரவு அமைப்புகள் இந்த வகைதான். பில் பாக்வெல் என்பவர் 2001-இல் எழுதிய மரவடிவம்தான் அவற்றுக்கு அடிப்படை.

மாறாத தரவை வேறு கணினிக்கு அனுப்புவதும் நிம்மதியான வேலை. ஒரு கணினியின் மெமரி முகவரி இன்னொன்றில் செல்லாது, எனவே நகல்தான் போகும். அந்த நகல் பழசாகிவிடுமோ என்ற கவலை மட்டும் இல்லை. நேற்று வந்த நகலும் இன்று வந்த நகலும் ஒன்றேதான். உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷையே (கைரேகை மாதிரி ஒரு குட்டி அடையாள எண்) அதற்குப் பெயராகவும் வைத்துவிடலாம். புரோகிராமின் பழைய, புதிய வடிவங்களையெல்லாம் சேமித்து வைக்கும் கிட் என்ற மென்பொருள், 2005-இல் வந்தது, செய்வது இதைத்தான். யூனிசன் என்ற புதிய ஃபங்ஷனல் மொழி ஒரு படி மேலே போய், புரோகிராமின் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஹாஷையே அடையாளமாக வைக்கிறது.

சரி, எதுவுமே மாறாத உலகத்தில் பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? மொத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறதே. வங்கி இருப்பு மாறும், யார் ஆன்லைனில் இருக்கிறார் என்பது மாறும். ஃபங்ஷனல் மொழிக்காரர்கள் இதை மறுப்பதில்லை. மாறுகிற இடத்தை எண்ணி விரல்விட்டுச் சொல்லும்படி சிறியதாக்கி, அதற்கு வேலி போடுகிறார்கள். அந்த வேலியை எப்படிப் போடுவது என்பதில்தான் மொழிக்கு மொழி வேறுபாடு.

எனக்குப் பிடித்தது எர்லாங் வழி. 1986 வாக்கில் சுவீடனின் எரிக்சன் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங், ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் தொடங்கிய மொழி. தேவை தொலைபேசி இணைப்பகம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான அழைப்புகள் ஓட வேண்டும், ஒரு அழைப்பு கெட்டால் மற்றது கெடக்கூடாது. அவர்கள் கண்ட வழி, சீட்டை மேசை நடுவில் வைக்காதே, ஒருவரிடம் கொடுத்துவிடு என்பது.

எர்லாங்கில் புரோகிராம் என்பது குட்டிக் குட்டிப் புராசஸ்களின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் சொந்த மெமரி உண்டு, தொடக்கத்தில் 233 சொற்கள் அளவுக்கு (இங்கே சொல் என்றால் மெமரியில் ஓர் எண் வைக்கும் இடம்). ஆகவே லட்சக்கணக்கில் உருவாக்கினாலும் கணினி முனகாது. ஒருவர் மெமரியை இன்னொருவர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பேச வேண்டுமென்றால் மெசேஜ் அனுப்ப வேண்டும், அது எதிராளியின் அஞ்சல் பெட்டியில் வரிசையில் நிற்கும்.

மொத்தத்தை வைத்திருக்கும் புராசஸைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். 'கணக்கர்' என்று ஒரு ஃபங்ஷன். அதற்கு உள்ளே போவது ஒரே எண், இதுவரை சேர்ந்த மொத்தம். அது அஞ்சல் பெட்டியைப் பார்த்துக் காத்திருக்கும். "கூட்டு, 1001" என்று மெசேஜ் வந்தால், மொத்தத்தோடு 1,001-ஐக் கூட்டி, அந்தப் புது எண்ணைக் கொடுத்துத் தன்னையே மறுபடி அழைத்துக்கொள்ளும். "எவ்வளவு?" என்று வந்தால் கேட்டவருக்கு எண்ணை அனுப்பிவிட்டு, பழைய எண்ணோடு தன்னை அழைத்துக்கொள்ளும். எந்த இடத்திலும் ஒரு மாறியை அழித்து எழுதவில்லை. ஆனாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மொத்தம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு மெசேஜை முடித்த பிறகுதான் அடுத்ததை எடுக்கும் என்பதால் நானும் அண்ணனும் ஒரே நொடியில் அனுப்பினாலும் மோதல் இல்லை. லாக்கும் இல்லை.

புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் இங்கே ஒரு முறையாவது வழுக்கி விழுவார்கள். கணக்கரிடம் "எவ்வளவு?" என்று கேட்டு, வந்த 84,500-உடன் தாங்களே 1,001-ஐக் கூட்டி, "மொத்தத்தை 85,501 ஆக்கு" என்று அனுப்புவார்கள். பழைய துண்டுச்சீட்டு மெசேஜ் வேஷத்தில் திரும்ப வந்துவிட்டது! மெசேஜ் அனுப்புவதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. விடையை அனுப்பக் கூடாது, செய்ய வேண்டிய வேலையை அனுப்ப வேண்டும். கூட்டுவது கணக்கரின் பொறுப்பு.

கணக்கர் இந்தக் கணினியில் இருந்தாலும் வேறு கணினியில் இருந்தாலும் எர்லாங்கில் மெசேஜ் அனுப்பும் முறை ஒன்றே. ஆனால் ஐவி மாதிரி நெட்வொர்க்கே இல்லாதது போல நடிப்பதில்லை. ஒரு புராசஸைக் கண்காணிக்கச் சொன்னால், அது செத்தாலோ அந்தக் கணினியோடு தொடர்பு அறுந்தாலோ நமக்கு ஒரு மெசேஜ் வரும். பதில் கேட்டு அனுப்பும் அழைப்புக்கு, நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் 5 வினாடிதான் கெடு. அதற்குள் பதில் வராவிட்டால் அழைத்தவர் பிழையோடு நிற்பார். பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. கூட்டிவிட்டு, பதில் வரும் வழியில் தொலைந்திருக்கலாம். அவசரப்பட்டு மறுபடி அனுப்பினால் 1,001 இரண்டு முறை ஏறும். அதனால் ஒவ்வொரு மொய்க்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, "இந்த எண்ணை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்" என்று கணக்கர் ஒதுக்கும்படி எழுதுவது நல்லது. யுபிஐயில் பணம் அனுப்பிவிட்டுச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது நம் வயிற்றில் புளியைக் கரைக்கிறதே, அதே பயம்தான்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. மெசேஜ் போகும்போது தரவு ஒரு புராசஸின் மெமரியிலிருந்து இன்னொன்றுக்கு நகலாகும். பெரிய தரவை ஓயாமல் அனுப்பினால் நேரம் போகும். இதற்காக எர்லாங் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது: 64 பைட்டுக்கு மேற்பட்ட பைனரித் தரவு (படம், கோப்பு மாதிரி வெறும் பைட்டுகளின் தொடர்) தனியிடத்தில் ஒரே பிரதியாக இருக்கும், அதே கணினியில் உள்ள புராசஸ்கள் அதைச் சுட்டிக்காட்டிக்கொள்ளும். பகிர்ந்த மெமரிதான், ஆனால் யாரும் எழுத முடியாத பகிர்ந்த மெமரி. இதிலும் ஒரு பொறி உண்டு. பெரிய பைனரியின் சின்னத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டிருந்தால், அதற்காக முழுப் பைனரியும் மெமரியை அடைத்துக்கொண்டு கிடக்கும். மெமரி ஏன் குறையவே இல்லை என்று ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன். ஓர் இரவு தூக்கம் போனது, துண்டைத் தனியாக நகலெடுத்ததும் சரியானது.

நகலெடுப்பதில் லாபமும் இருக்கிறது. ஆளுக்கொரு மெமரி என்பதால் குப்பை கூட்டுவதும், அதாவது இனி தேவைப்படாத மெமரியைத் திரும்ப எடுப்பதும், ஆளுக்கொரு வேளையில் நடக்கும், ஊரே வேலையை நிறுத்திவிட்டு நிற்க வேண்டாம். வாட்ஸாப் 2012 தொடக்கத்தில் எர்லாங்கை வைத்து ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கிக் காட்டியது.

ஹாஸ்கெல் வேறு மாதிரி வேலி போடுகிறது. அங்கே ஒரே கணினிக்குள் ஒருவகைப் பகிர்ந்த மாறிகள் உண்டு, ஆனால் அவற்றைப் பரிவர்த்தனைக்குள் மட்டுமே மாற்றலாம், அதாவது முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரு வேலைக்குள். நடுவில் வேறு யாராவது மாற்றிவிட்டால், செய்ததையெல்லாம் விட்டுவிட்டு முதலிலிருந்து ஓடும். 2005-இல் டிம் ஹாரிஸ், சைமன் மார்லோ, சைமன் பெய்ட்டன் ஜோன்ஸ், மாரிஸ் ஹெர்லிஹி நால்வரும் எழுதிய யோசனை. இது கணினிக்கு வெளியே போகாது. அப்படியானால் பல கணினிகளில்? 2011-இல் வந்த க்ளவுட் ஹாஸ்கெல் எர்லாங்கின் மெசேஜ் முறையை எடுத்துக்கொண்டு ஒரு அழகான காரியம் செய்தது. மெசேஜில் எதெல்லாம் போகலாம் என்பதை, எந்த மதிப்பு எந்த வகை என்று சரிபார்க்கும் டைப் சிஸ்டமே பார்த்துக்கொள்ளும். மாறாத மதிப்புகள் போகலாம். பகிர்ந்த மாறியை மெசேஜில் வைத்தால், புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் விடாது. துண்டுச்சீட்டை வெளியூருக்கு அனுப்ப முயன்றால் வாசலிலேயே பிடித்துவிடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்ததில் சீட்டு ஒருவரிடம்தான். அவரோடு தொடர்பு அறுந்தால்? மொய் வாங்குவதை நிறுத்த முடியுமா? முடியாது. பந்தியில் இலை போட்டாயிற்று, ஆள் வரிசையில் நிற்கிறார். அவரவர் நோட்டில் எழுதிக்கொண்டே போய், பிறகு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு சேர்ப்பது தப்பே ஆகாதபடி தரவை வடிவமைக்கும் கலைக்கு சி.ஆர்.டி.டி. என்று பெயர். மார்க் ஷாப்பிரோ, நூனோ ப்ரெகீசா, கார்லோஸ் பக்கேரோ, மாரெக் சவிர்ஸ்கி நால்வரும் 2011-இல் இந்தப் பெயரோடு இதை முறைப்படுத்தினார்கள்.

காதுகுத்தையே மறுபடி நடத்திப் பார்ப்போம், சீட்டை மட்டும் மாற்றி. இப்போது ஆளுக்கொரு சீட்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு வரி: முதல் மேசை எவ்வளவு, இரண்டாம் மேசை எவ்வளவு. விதி, என் மேசை வரியை நான் மட்டுமே ஏற்றலாம். தொடக்கத்தில் இருவரிடமும் 44,500, 40,000. மொத்தம் 84,500. எனக்கு 1,001 வருகிறது, என் சீட்டில் 45,501, 40,000. அண்ணனுக்கு 500 வருகிறது, அவர் சீட்டில் 44,500, 40,500. இப்போது சீட்டுகளை ஒப்பிட்டு, வரிக்கு வரி எது பெரியதோ அதை எடுக்கிறோம். 45,501, 40,500. கூட்டினால் 86,001. ஒரு ரூபாயும் தொலையவில்லை, யாரும் யாருக்காகவும் காத்திருக்கவும் இல்லை.

ஏன் பெரியதை எடுக்க வேண்டும், கூட்டினால் என்ன? நெட்வொர்க் ஒரே மெசேஜை இரண்டு முறை கொண்டுவரும், நேற்றையதை இன்று கொண்டுவரும். அண்ணனின் சீட்டு இரண்டு முறை வந்தாலும் பெரியது பெரியதுதான். பழைய 40,000 தாமதமாக வந்தாலும் 40,500 அசையாது. எந்த வரிசையில் வந்தாலும், எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும், எத்தனை முறை சேர்த்தாலும் விடை ஒன்றே. இப்படிச் சேர்ப்பது உள்ளே போனதைக் கெடுக்காத ஒரு சாதாரண ஃபங்ஷன். அதனால்தான் ஃபங்ஷனல் மொழிக்காரர்களுக்கு இது பழகிய வீடு போல இருக்கிறது. எர்லாங்கில் எழுதிய ரியாக் தரவுத்தளம் இந்த வகைத் தரவுகளைக் கொண்டுவந்தது. எர்லாங்கின் மேல் ஓடும் எலிக்சிர் மொழியில், இணையதளம் கட்ட உதவும் ஃபீனிக்ஸ் என்ற கருவியில் யார் ஆன்லைனில் இருக்கிறார் என்று காட்டும் பகுதியும் இதில்தான் ஓடுகிறது.

கழிப்பது எப்படி? பெரியதை எடு என்ற விதியில் குறைவதற்கு இடமில்லையே. இன்னொரு நோட்டுப் போடு: வரவு ஒன்று, செலவு ஒன்று. இரண்டும் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் கழித்துக்கொள்ளலாம். கிராமத்துப் பலசரக்குக் கடை முதலாளிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீக்குவது இதைவிடக் கடினம். அமேசானின் டைனமோ சேமிப்பகம் பற்றி 2007-இல் வந்த ஆய்வுக்கட்டுரையிலேயே, வாங்குபவர் தன் கூடையிலிருந்து நீக்கிய பொருள் சில நேரம் மறுபடி தலைகாட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு நகலில் நீக்கியது, நீக்கப்படாத இன்னொரு நகலோடு சேரும்போது உயிர்பெற்றுவிடும். நீக்கினேன் என்பதையும் ஒரு வரியாக எழுதி வைத்தால்தான் தீரும்.

ஆனால் சி.ஆர்.டி.டி. எல்லாவற்றையும் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கணக்கில் 1,000 ரூபாய் இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பு இல்லாத இரண்டு இயந்திரங்கள் ஆளுக்கு 800 கொடுத்துவிடுகின்றன. பிறகு நோட்டுகளைச் சேர்த்தால் கணக்குத் துல்லியமாக வரும்: மைனஸ் 600. இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகவே கூடாது என்று நினைத்தால், பணம் கொடுக்கும் முன்பே இரண்டும் பேசியாக வேண்டும், பேச முடியாதபோது காத்திருந்தாக வேண்டும். மொய்க்கு ஆளுக்கொரு நோட்டு போதும், கடைசி ஒரு டிக்கெட்டை யாருக்கு விற்பது என்பதற்குப் போதாது. எது எந்த வகை என்று முதலில் பிரிப்பதுதான் உண்மையான வடிவமைப்பு வேலை. நான் பார்த்தவரை முக்கால்வாசித் தரவு மொய் வகைதான், நாம்தான் அதற்கும் லாக்கைப் போட்டு இறுக்கிவைக்கிறோம்.

செய்து பார்க்க ஆசைப்பட்டால் எர்லாங்கையோ எலிக்சிரையோ நிறுவி, ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு லேப்டாப்களில் ஓடவிட்டு இணைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே ரகசியச் சொல் கொடுக்க வேண்டும், அதைக் குக்கீ என்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். குக்கீ தெரிந்தவர் உங்கள் கணினியில் எந்தப் புரோகிராமையும் ஓட்டலாம், நாமாக ஏற்பாடு செய்யாவிட்டால் போக்குவரத்து மறையாக்கமும் இல்லாமல்தான் நடக்கும். வீட்டு வைஃபையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பொது இணையத்தில் திறந்து வைக்காதீர்கள்.

ஒரு லேப்டாப்பில் கணக்கரை ஓடவிட்டு, மற்றதிலிருந்து அவரைக் கண்காணியுங்கள். முதலில் கணக்கரைக் கொன்று பாருங்கள், செய்தி கண்ணிமைக்கும் நேரத்தில் வரும். அப்புறம் மறுபடி உயிர்ப்பித்து, மறுபடி கண்காணிக்கச் சொல்லிவிட்டு, இந்த முறை அந்த லேப்டாப்பின் வைஃபையை மட்டும் அணையுங்கள். செய்தி உடனே வராது. அமைப்பை மாற்றாமல் விட்டால், எதிர்முனை போய்விட்டது என்று முடிவுகட்ட எர்லாங் 45-இலிருந்து 75 வினாடி வரை எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு நிமிடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து நாலைந்து "கூட்டு" மெசேஜ் அனுப்புங்கள். எல்லாம் போன மாதிரிதான் தெரியும். செய்தி வந்த பிறகு வைஃபையைப் போட்டு, மறுபடி இணைந்து, கணக்கரிடம் "எவ்வளவு?" என்று கேளுங்கள்.